கப்பலில் எக்ஸ் பெனடிக்ட்: எங்கே உட்காருவது, எப்படிக் கேட்பது?

சுற்றுலாக் கப்பலில் போகிற வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் காலை உணவுதான் முதலிடம். அதிலும் பாதி ஒரே பண்டத்தைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ்ப் பகுதி முழுவதும் எக்ஸ் பெனடிக்டுக்கே.

கேள்வி: மகன் எங்களை மயாமியிலிருந்து கரீபியன் கப்பலில் கூட்டிப்போகிறான். "எக்ஸ் பெனடிக்ட் வாங்கிச் சாப்பிட்டுப் பாரும்மா" என்கிறான். அது என்ன? நன்றாக இருக்கிறதா இல்லையா என்று புதிதாகச் சாப்பிடுகிறவளுக்கு எப்படித் தெரியும்?
— திருச்சி வாசகி

பதில்: வாட்டிய மஃபின் மேல் இறைச்சி, முட்டை, சாஸ் என்று அடுக்கிய காலை உணவு அது. மஃபின் என்றதும் கேக் கடை இனிப்பை நினைக்காதீர்கள். இது இங்கிலீஷ் மஃபின். உள்ளங்கை அகலத்தில் தட்டையான ஈஸ்ட் ரொட்டி, உள்ளே துளைத்துளையாக இருக்கும். அதைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, பிளந்த பக்கத்தைப் பொன்னிறமாக வாட்டுவார்கள். ஒவ்வொரு பாதியின் மேலும் ஒரு வில்லை கனேடியன் பேக்கன், அதாவது பன்றியின் முதுகுத் தசையை உப்பிட்டுப் பதப்படுத்தியது. சில கப்பல்களில் அதற்குப் பதில் ஹாம். அதன் மேல் போச் முட்டை: ஓட்டை உடைத்து, கொதி அடங்கிய வெந்நீரில் விட்டு வேகவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஹாலண்டேஸ் சாஸ். மஞ்சள் கருவும் வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்த வெதுவெதுப்பான சாஸ் அது. ஒரு பிளேட்டுக்கு இரண்டு பாதி, இரண்டு முட்டை.

தட்டு வந்ததும் முட்டையின் நடுவில் கத்தி முனையை வையுங்கள். மஞ்சள் கரு தேன் பதத்தில் வழிய வேண்டும். வெள்ளைக் கரு முழுக்க வெளுத்திருக்க வேண்டும், கண்ணாடிபோலக் கொழகொழப்பு எங்கும் தெரியக் கூடாது. சாஸ் முட்டையை மூடி மெல்ல இறங்க வேண்டும். தண்ணீராக ஓடினாலும் களியாக நின்றாலும் சரியில்லை. மஃபினின் ஓரம் பல்லில் மொறுமொறுக்க வேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. இந்த ஐந்தில் நான்கு இருந்தாலே கப்பலில் அது நல்ல தட்டுதான்.

கேள்வி: மேல்தள பஃபேயில் மூன்று நாள் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் கரு கட்டியாகிவிட்டது, மஃபின் ஊறி நைந்துவிட்டது, சாஸ் மேல் ஆடை. கப்பல் சமையலே இப்படித்தானா?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: சமையலறையைக் குறை சொல்ல வேண்டாம். இந்தப் பண்டம் பஃபே தட்டில் காத்திருக்கத் தெரியாதது.

வெள்ளைக் கரு ஏறக்குறைய 62, 63 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் குழைந்து கெட்டியாகி, 70 டிகிரியில் முழுக்க இறுகிவிடுகிறது. பஃபேயில் சூடாக வைக்கும் உணவை 57 டிகிரிக்குக் கீழே விடக் கூடாது என்பது அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கான சுகாதார விதி. அடியில் ஆவி அடிக்கும் தட்டு 57-ல் அசையாமல் நிற்பதில்லை, மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே பத்து நிமிடத்துக்கு முன் சரியான பதத்தில் வைத்த முட்டை, நீங்கள் கரண்டியை எடுக்கும்போதும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. மூடியில் படிந்த ஆவி சொட்டி மஃபினை நனைக்கிறது. திறந்து வைத்தாலோ சாஸின் மேல்பரப்பு காய்ந்து ஆடை கட்டுகிறது. மூடினாலும் கெடும், திறந்தாலும் கெடும்.

அதனால் மெயின் டைனிங் ரூமுக்குப் போங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் அதே பெரிய ஹால்தான். பெரும்பாலான கப்பல்களில் காலையிலும் அங்கே மேஜைக்கு வந்து பரிமாறுகிறார்கள், தனிக்கட்டணம் கிடையாது. இது தெரியாமலே பயணம் முழுக்கப் பஃபேயில் கழிப்பவர்கள் ஏராளம்.

அங்கேயும் உங்கள் முட்டையை நீங்கள் கேட்ட பிறகு உடைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நூற்றுக்கணக்கான தட்டு போகும் காலையில், முட்டைகளை முன்கூட்டியே மூன்று நிமிடம் போச் செய்து ஐஸ் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். ஆர்டர் வந்ததும் வெந்நீரில் ஒரு நிமிடம்போலச் சூடாக்கி, துணியில் ஒற்றி எடுத்துத் தட்டில் வைப்பார்கள். பெரிய ஹோட்டல்களிலும் இதே முறைதான். இதில் சுவை குறைவதில்லை. தட்டில் அடுக்கிய பிறகு உங்கள் மேஜைக்கு வரும் நேரத்தில்தான் எல்லாம் கூடுகிறது அல்லது கெடுகிறது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேஜையை யாரும் விரும்புவதில்லை, ஜன்னலோரம்தான் கேட்பார்கள். பெனடிக்ட் சாப்பிடப் போகிறவர் அந்தக் கதவோர மேஜையைத் துணிந்து வாங்கிக்கொள்ளலாம்.

பஃபேயை விட்டால் வழியில்லை என்ற நாளில் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். டோஸ்டரில் மஃபினை இரண்டு முறை ஓட்டுங்கள், ஒரு முறை ஓட்டினால் வெளிறித்தான் வரும். ஆம்லெட் போடும் கவுண்டரில் போச் முட்டை செய்து தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மஞ்சள் கரு உடையாமல் இருபுறமும் லேசாகத் திருப்பிய 'ஓவர் ஈஸி' முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஹாமை எடுத்து, பெனடிக்ட் தட்டில் ஓரமாகத் தேங்கியிருக்கும் சாஸை ஆடை ஒதுக்கி இரண்டு கரண்டி ஊற்றுங்கள். பெயர்தான் வேறே தவிர, ஆறிப்போன அசலைவிட இது எவ்வளவோ தேவலை. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் புதுத் தட்டு கொண்டுவந்து வைக்கும் நேரம் பார்த்து நிற்கலாம். முதல் ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தால் தப்பித்தோம்.

கேள்வி: வெயிட்டரிடம் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? மெனுவைக் காட்டி விரலை நீட்டுவதோடு நின்றுவிடுகிறோம்.
— மதுரை வாசகர்

பதில்: கப்பல் வெயிட்டர்களில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டுக்காரர்கள். இலக்கணம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமே இல்லை. துண்டுத் துண்டாகச் சொன்னால் அவர்களுக்கும் எழுதிக்கொள்வது எளிது.

முதலாவது, "யோக் ரன்னி, வைட் ஃபுல்லி செட்": மஞ்சள் கரு வழிய வேண்டும், வெள்ளைக் கரு முழுக்க இறுகியிருக்க வேண்டும். வெறுமனே 'சாஃப்ட்' என்றால் சிலர் வெள்ளைக் கருவையும் கொழகொழவென்று விட்டுவிடுவார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. மஞ்சள் கரு வழியாமல் கூழ்ப்பதமாக வேண்டுமானால் 'மீடியம்', முழுக்க இறுக வேண்டுமானால் 'ஹார்ட்'.

இரண்டாவது, "மஃபின் வெல் டோஸ்டட்." மஃபினை மொத்தமாக அடுக்கி ஓவனில் வாட்டும் சமையலறையில் பாதி வெளிறிப்போய்த்தான் வரும். வாட்டம் போதாத மஃபின் சாஸை உறிஞ்சி ரப்பராகும், கத்திக்குப் பிடி கொடுக்காது.

மூன்றாவது, "எக்ஸ் வெல் ட்ரெயின்டு." தட்டில் தண்ணீர் தேங்குவதற்குக் காரணம், துளைக் கரண்டியில் எடுத்த முட்டையை ஒற்றாமலே வைப்பதுதான். அந்தத் தண்ணீர் சாஸையும் கீழே வழுக்கிவிடும்.

இந்த மூன்றோடு நிறுத்துங்கள். ஆறேழு நிபந்தனை போட்டால் எது முக்கியம் என்று உள்ளே தெரியாது.

'சாஸ் ஆன் த சைட்' என்று தனிக் கிண்ணத்தில் கேட்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். எனக்கு அதில் அரை மனதுதான். ஹாலண்டேஸில் பெரும்பங்கு வெண்ணெய், சின்னக் கிண்ணத்தில் சீக்கிரம் ஆறிக் கெட்டியாகிவிடும். சாஸ் அதிகம் பிடிக்காதவர்கள், முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் அப்படிக் கேட்கலாம். ஆனால் வந்த கையோடு ஊற்றிவிட வேண்டும். மற்றவர்கள் "எக்ஸ்ட்ரா சாஸ் ஆன் த சைட்" என்று கேட்பது மேல்: மேலே கொஞ்சம் ஊற்றியே வரும், போதாததற்குக் கிண்ணம்.

இன்னொன்று. ஒரு முட்டை போதுமென்றால் ஒரு பாதி மட்டும் கேட்கலாம். ஒரு பாதி பெனடிக்டும் ஒரு பான்கேக்கும் என்று கலந்தும் கேட்கலாம். பொதுவாக மெயின் டைனிங் ரூமின் காலை உணவில் இரண்டாவது தட்டுக்குப் பில் வருவதில்லை. ஆகவே முதல் நாள் ஒரு பாதி வாங்கி ருசி பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கேள்வி: வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. மருமகள் முட்டை மட்டும் சாப்பிடுவாள், அசைவம் தொடமாட்டாள். எங்களுக்கு வழி உண்டா?
— கிள்ளான் வாசகி

பதில்: உண்டு. பன்றிக்குப் பதில் புகையில் பதப்படுத்திய சால்மன் மீன் வைத்தால் அது எக்ஸ் ராயல். இறைச்சிக்குப் பதில் கீரை வைத்தால் எக்ஸ் ஃப்ளாரென்டைன், உங்கள் மருமகளுக்கு அது பொருந்தும். இரண்டும் பல கப்பல் மெனுவில் இருக்கும். இல்லாவிட்டாலும் "நோ ஹாம், ஸ்பினாச் இன்ஸ்டெட்" என்றால் செய்து தருவார்கள், கீரை ஆம்லெட்டுக்காக அங்கே எப்போதும் தயாராக இருக்கும்.

ஃப்ளாரென்டைனில் ஒரு தொல்லை. வதக்கிய கீரையைப் பிழியாமல் வைத்தால் நீர் இறங்கி மஃபின் நிமிடத்தில் ஊறிவிடும். அசல் பெனடிக்டில் ஹாம் வில்லை, முட்டையின் ஈரத்துக்கும் மஃபினுக்கும் நடுவே தடுப்பாகவும் இருக்கிறது. கீரைக்கு அந்த வேலை தெரியாது. "ஸ்பினாச் ஸ்க்வீஸ்டு ட்ரை" என்று சொல்லுங்கள், அல்லது மஃபினைத் தனித் தட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹாமும் பேக்கனும் சுடும் அதே தட்டைக் கல்லில் மஃபினையும் வாட்டுகிற சமையலறைகள் உண்டு. அது உங்களுக்குப் பிரச்சினை என்றால் மஃபினை டோஸ்டரில் வாட்டச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைக் காலை அவசரத்தில் சொல்வதைவிட, முந்தின இரவே ஹெட் வெயிட்டரிடம் சொல்லி வைப்பது நல்லது. முட்டையே சாப்பிடாதவர்கள் கவனிக்க: "சாஸை மட்டும் தொட்டுக்கொள்கிறேன்" என்பது சரிப்படாது, அதில் பாதி வேலை மஞ்சள் கருவுடையது.

கேள்வி: மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி, அலாஸ்கா கப்பலில் போகிறோம். அரைவேக்காட்டு முட்டையும் சாஸும் பயமில்லையா?
— டொரன்டோ வாசகி

பதில்: பயம் சால்மொனெல்லா கிருமியைப் பற்றியது. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குள் குழந்தைகள், அறுபத்தைந்து தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் வழியும் மஞ்சள் கருவைத் தவிர்ப்பது நல்லது. மகளுக்கு "ஹார்ட் போச்டு" என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சள் கரு முழுக்க இறுகியிருக்கிறதா என்று வெட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். முட்டை ஓட்டோடு பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டது, அதாவது கிருமி சாகும் அளவுக்கு மிதமாகச் சூடாக்கப்பட்டது என்று சமையலறை உறுதி சொன்னால் மட்டும் இதைத் தளர்த்தலாம்.

சாஸ் கதை வேறு. ஹாலண்டேஸ் அதிகச் சூட்டில் திரிந்துவிடும் என்பதால் அதில் முட்டை முழுக்க வேகுவதில்லை. அதனால்தான் அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கான சி.டி.சி. என்ற அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பின் கப்பல் சுகாதாரத் திட்டம், இதுபோன்ற சாஸ்களுக்குப் பாஸ்ச்சரைஸ் செய்த முட்டையைப் பயன்படுத்தச் சொல்கிறது. அந்தத் திட்டத்தின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். 85-ம் அதற்குக் கீழும் தேர்ச்சியில்லை. கப்பல் வாரியான மதிப்பெண்ணைச் சி.டி.சி. இணையதளத்திலேயே பார்க்கலாம், புறப்படுமுன் ஒரு முறை பாருங்கள். அப்படியும் மகளுக்காக வெயிட்டரிடம் "இஸ் த ஹாலண்டேஸ் பாஸ்ச்சரைஸ்டு?" என்று கேட்டுவிடுவதே முறை. அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார். தெளிவான பதில் வரவில்லையென்றால் சாஸ் வேண்டாம்.

கேள்வி: ஒரு நாள் சாஸ் பிரமாதம், மறுநாள் மாவுக்கூழ் மாதிரி, இன்னொரு நாள் எண்ணெய் பிரிந்து வந்தது. ஏன் இப்படி? திருப்பி அனுப்பினால் தவறாக நினைப்பார்களா?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: எண்ணெய் பிரிந்தது திரிந்த சாஸ். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின்தான் வெண்ணெய்த் துளிகளையும் எலுமிச்சைச் சாற்றின் நீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. சூடு 70 டிகிரியை நெருங்கினால் மஞ்சள் கரு வெந்து குருணை குருணையாகிப் பிடியை விட்டுவிடும். ரொம்ப ஆறினால் வெண்ணெய் உறைந்து கெட்டியாகும், அதை மறுபடி சூடாக்கும்போதும் பிரியும். 57-க்குக் கீழே விடக் கூடாது என்கிறது விதி, 70-ஐ எட்டக் கூடாது என்கிறது சாஸ். இந்தச் சின்ன இடைவெளியில் வாளிக் கணக்கில் சாஸை நிறுத்தி வைப்பது லேசான காரியமில்லை.

மாவுக்கூழ் என்றீர்களே, அது பெரும்பாலும் பாக்கெட் பொடியில் கரைத்தது, அல்லது ஸ்டார்ச் சேர்த்து நிலைப்படுத்தியது. அடையாளம் சுலபம். மினுமினுப்பில்லாத ஒரே சீரான மஞ்சள், கரண்டியால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கும், எலுமிச்சையின் சுருக்கென்ற புளிப்பு இருக்காது, நாக்கில் மாவு ஒட்டும். அசல் சாஸில் முதலில் வெண்ணெய் மணமும் பின்னால் புளிப்பும் வரும், கோடு மெல்ல மூடிக்கொள்ளும்.

திருப்பி அனுப்பலாம், தாராளமாக. ஆனால் திரிந்த சாஸ், இறுகிய முட்டை, தண்ணீர் தேங்கிய தட்டு ஆகியவற்றுக்கு மட்டும். பாக்கெட் சாஸுக்காக அனுப்பிப் பயனில்லை, அன்றைக்கு உள்ளே இருப்பது அதுதான். முதல் வாய் வைத்ததுமே சொல்லுங்கள், பாதி தின்றுவிட்டுச் சொல்வது அழகல்ல. குறையை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: "யோக் ஈஸ் ஹார்ட்", "சாஸ் ஈஸ் ஸ்ப்ளிட்." வெறுமனே 'நாட் குட்' என்றால் அதே மாதிரி இன்னொரு தட்டுதான் வரும்.

கேள்வி: அறைக்கே வரவழைக்கலாமா? பால்கனியில் உட்கார்ந்து சாப்பிட ஆசை.
— கோவை வாசகி

பதில்: காபி, பழம், குரோசான் வரவழையுங்கள். பெனடிக்ட் வேண்டாம். காலை உணவுக்கு ஆர்டர் எழுதி இரவு கதவில் மாட்டும் அட்டையில் பல கப்பல்களில் அது இருக்காது. இருந்தாலும் மூடி போட்ட தட்டில் லிஃப்ட் ஏறித் தாழ்வாரம் நடந்து வருவதற்குள், பஃபேயில் நடப்பதெல்லாம் அந்த மூடிக்குள்ளேயே நடந்துவிடும். 'சூட்' எனப்படும் பெரிய, விலை கூடிய அறைக்காரர்களுக்குத் தனி உணவகத்தில் காலை உணவு தரும் கப்பல்கள் உண்டு. அந்த வசதி இருந்தால் அங்கே போங்கள், கூட்டம் குறைவு, தட்டு சீக்கிரம் வரும்.

கேள்வி: கரையிறங்கும் நாளில் டைனிங் ரூமில் சாப்பிட நேரம் கிடைக்குமா? எந்த நேரம் போனால் நல்லது?
— பெங்களூரு வாசகர்

பதில்: உட்கார்ந்து சாப்பிட்டு எழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். கரைச்சுற்றுலா 8.30-க்குக் கூடச் சொன்னால், கதவு திறக்கும் நேரத்திலேயே போனால்தான் உண்டு. உட்காரும்போதே எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் மேஜைக்குக் காத்திருக்காமல் மற்றவர்களோடு சேர்ந்து உட்காரச் சம்மதித்தால் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

கடலிலேயே கழியும் நாளில் அவசரமில்லை, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். திறந்த முதல் அரை மணிக்குள் போவதுதான் என் பரிந்துரை. சாஸ் அப்போதுதான் அடித்திருப்பார்கள். கடைசி அரை மணியில் போனால், மூன்று மணி நேரம் சூட்டில் நின்ற சாஸ் கிடைக்கலாம். சில கப்பல்களில் கடல் நாளன்று காலை உணவுக்குப் பதில் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்து மதியம் வரை நீளும் ப்ரஞ்ச் உண்டு. திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும், முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ பாருங்கள். கப்பலை விட்டு இறங்கும் கடைசிக் காலை மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பெனடிக்ட் என்பவர் யார்?
— புதுச்சேரி வாசகர்

பதில்: நியூயார்க்கில் இரண்டு கதை. 1894-ல் வால்டார்ஃப் ஹோட்டலில் லெமுவல் பெனடிக்ட் என்ற பங்குத் தரகர், இரவு குடித்த தலைவலியோடு வந்து டோஸ்ட், பேக்கன், போச் முட்டை, ஹாலண்டேஸ் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கினார், ஹோட்டல் அதை மஃபினும் ஹாமுமாக மாற்றி மெனுவில் சேர்த்தது என்பது ஒன்று. டெல்மோனிகோஸ் உணவகத்தின் வாடிக்கையாளரான திருமதி லெக்ராண்ட் பெனடிக்டுக்காகச் செய்தது என்பது மற்றொன்று. அந்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபர், அதே 1894-ல் வெளிவந்த தன் சமையல் நூலில் இதன் செய்முறையைக் கொடுத்திருக்கிறார். வழக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: ஊர் திரும்பி வீட்டில் செய்து பார்த்தேன். நெய்யில் சாஸ் அடித்தேன், நெய் வாசம்தான் வந்தது, கடைசியில் திரிந்தும் போனது. எங்கே தவறு?
— சென்னை வாசகி

பதில்: நெய் காய்ச்சும்போது அடியில் தங்கும் பால்பொருள் சிவந்து மணம் ஏறுகிறது. பொங்கலுக்கு அது அருமை, இந்தச் சாஸில் எலுமிச்சையை அமுக்கிவிடும். உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம் எடுத்துச் சிறுதீயில் உருக்குங்கள், சிவக்க விடாதீர்கள். மேலே நுரையை எடுத்துவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை நீரை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். விரல் வைத்தால் பொறுக்கும் சூடு போதும்.

இரண்டு மஞ்சள் கரு, ஒரு மேஜைக்கரண்டி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. நம் ஊர் எலுமிச்சை அமெரிக்க லெமனைவிடப் புளிப்பு, அதனால் அங்கத்திய அளவை அப்படியே போடாதீர்கள். கொதி அடங்கிய தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல், அடி தண்ணீரில் படாமல் கிண்ணத்தை வைத்து, கம்பி மத்தால் விடாமல் அடியுங்கள். மத்தை இழுத்தால் கோடு விழுந்து கிண்ணத்தின் அடி தெரிகிற பதத்தில் கீழே இறக்கிவிடுங்கள். பிறகு வெண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக, சாஸ் பிடித்துக்கொண்டதும் நூலிழையாக ஊற்றி அடியுங்கள். அவசரப்பட்டு ஊற்றியதால்தான் உங்களுடையது திரிந்திருக்கும், இல்லையென்றால் கிண்ணம் அடுப்பிலேயே இருந்திருக்கும். கடைசியில் உப்பு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். வெந்நீர் ஊற்றிக் கழுவிய ஃபிளாஸ்க்கில் வைத்தால் ஒரு மணி நேரம் கெடாமல் நிற்கும்.

முட்டை பழசாக இருந்தால் வெள்ளைக் கரு நீர்த்து, வெந்நீரில் கிழிந்த துணியாய்ப் பரவும். உடைத்த முட்டையைக் கண் பெரிய வடிகட்டியில் அரை நிமிடம் வைத்து நீர்த்த பகுதியை வடித்துவிட்டு, மிச்சத்தை மெல்ல வெந்நீரில் விடுங்கள். தண்ணீர் தளதளவெனக் கொதிக்கக் கூடாது, அடியில் சின்னக் குமிழ் எழும் 80, 85 டிகிரி போதும். மூன்று நிமிடத்தில் எடுக்கலாம்.

சாஸ் மறுபடி திரிந்தால் கொட்டிவிடாதீர்கள். வேறு கிண்ணத்தில் ஒரு மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரும் அடித்து, திரிந்த சாஸை அதில் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்தால் கூடிவரும். குருணை தட்டி முட்டைப் பொரியலாகவே வெந்துவிட்டதென்றால் மட்டும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.